நூற்றிருபதில் ஒரு சாக்கட்டிக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய தவறு: ஒருவர் வாய்விட்டுச் சொன்ன அளவை, டேப்பில் நானே பார்க்காமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதை நம்பி ஒரு மரத்துண்டை அறுத்தேன். சுவரில் வைத்துப் பார்த்தால் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதல்.

காரணம் என்ற இடத்தை இன்றைக்குக் காலியாக விடுகிறேன். மாலை வகுப்பில் மேடம் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் தவறு, பொறுமையாகக் காரணம், கடைசியில் நாளைய வேலை. "காரணத்தை முதல்ல எழுதினீங்கன்னா, தப்பு பக்கத்துல நிக்கிறவன் தலையில போய் உக்காந்துடும்" என்பார். தச்சு வகுப்பில் பதினொரு பேர் படிக்கிறோம். இந்த நோட்டை விடாமல் எழுதுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதனாலேயே வகுப்பில் அதிகம் தவறு செய்கிறவளும் நான்தான் என்று ஆகிவிட்டது.

இந்தப் பருவத்துக்கான வகுப்பு வேலைக்கு எங்கள் வீட்டு நடைவழியை எடுத்துக்கொண்டேன். வாசல் கதவிலிருந்து நேராகப் பின்னறைவரை ஏழு மீட்டர். இடப்பக்கம் இரண்டு அறைகள், வலப்பக்கம் சமையலறையும் குளியலறையும். அகலம் நூற்று நான்கு சென்டிமீட்டர். குளியலறையை ஒட்டிக் குழாய்களை மூடிக் கட்டிய புடைப்பில் மட்டும் தொண்ணூற்றாறு. இரு சுவர்களிலும் தரையோரமாக ஒரு பலகை, இடுப்புயரத்தில் நீளமாக ஒரு பட்டை, அதற்குக் கீழே பீடிங் என்கிற மெல்லிய மரப்பட்டியால் செய்த செவ்வகச் சட்டங்கள். எல்லாமே சுவரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வெளியே நிற்கும். பதினேழாம் தேதி மேடம் நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்.

ஞாயிறன்று அளவெடுக்க டேப்பின் மறுமுனைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "அவரைக் கூப்பிடவா?" என்றாள் அம்மா. அவர் என்றால் டெய்லர்.

இதையும் எழுதிவிட வேண்டும். அம்மாவும் டெய்லரும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவில் இருக்கிறாள். கிழிந்த படுக்கை விரிப்புகள் நான்கு வருடமாக டெய்லர் கடைக்குத்தான் போய் வருகின்றன. விரிப்புகளோடு பேச்சும் போய் வந்திருக்கிறது. அந்தக் கடைக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கடையையும் பின்னால் அவர் குடியிருக்கும் அறையையும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஒன்று எங்கள் வீட்டுக்கு வருவார், இல்லையென்றால் வெளியூரில் இருக்கும் தம்பியிடம் போய்விடுவார். தம்பி அங்கே ஒரு கடை பிடித்து வைத்துக்கொண்டு, பதினைந்தாம் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

"நீ சரின்னு சொன்னா வருவாரு" என்றாள் அம்மா. "வேண்டாம்னு சொன்னா தம்பிகிட்ட போயிடுவாரு. ஏன்னு நான் கேக்க மாட்டேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கவும் மாட்டேன்."

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம உன்னால இருக்க முடியுமா?"

"முயற்சி பண்றேன்."

ஆக, பதில் என்னுடையது. அதைச் சொல்லிவிட்டு அன்று மத்தியானமே அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு டேப்பின் முனையைக் கையில் கொடுத்தாள். "சித்தப்பான்னு கூப்பிடேன்டி" என்று என் காதில் ஓதினாள். நான் எதுவும் கூப்பிடவில்லை. "இங்க பிடிங்க", "இன்னும் கொஞ்சம் மேல", "எவ்வளவு?" என்று முறை சொல்லாமலே ஒரு மத்தியானத்தை ஓட்டிவிட்டேன். அவர் அளவுகளை ஏலம் கூவுவதுபோல் சொல்லிக்கொண்டே போனார். மறுமுனையில் நின்று நான் எழுதினேன். மொத்தம் இருபத்தாறு.

நாளைய வேலை: இருபத்தாறையும் தனியாகத் திரும்ப அளக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் டேப்பை மாட்டித் தனியாக அளந்தேன். மேலிருந்து கீழாக நிற்கும் பத்துத் துண்டுகளும் சரியாக இருந்தன. கதவோரத் துண்டுகள் எல்லாம் ஒன்றேகால் கூடுதல். மூலைக்குப் போகிற துண்டுகள் எல்லாம் இரண்டரை கூடுதல். ஒன்றுகூடக் குறையவில்லை.

கண் மங்கலான ஆள் என்றால் தவறு கூடியும் குறைந்தும் வந்திருக்கும். நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஒரே பக்கமாகச் சாயும் தவறைத் தவறு என்று சொல்ல மாட்டோம். யாரோ ஏதோ செய்கிறார்கள் என்போம்.

"டெய்லருக்கு அளவெடுக்கத் தெரியுமில்ல?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டேன்.

"முப்பது வருஷமா வேற என்ன பண்றாரு?"

"அப்ப ஏன் எல்லாம் கூடுதலா இருக்கு?"

"நீ தப்பா எழுதியிருப்ப."

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதை அம்மா வாயால் கேட்கத்தான் பிடிக்கவில்லை. "பதினாறு அளவையும் தப்பாவா எழுதுவேன்?"

"உன் நோட்டைப் பிரிச்சா தினம் ஒரு தப்பு இருக்கு. நானா எழுதி வெச்சேன்?"

ஆக, அம்மா என் நோட்டைப் படிக்கிறாள். நாளையிலிருந்து நோட்டு என் ஆபீஸ் பையில் இருக்கும்.

நாளைய வேலை: வகுப்பில் டேப்பைச் சோதிக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மேடம் என் டேப்பை இரும்பு அடிக்கோலோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். முனையிலுள்ள கொக்கியை ஆட்டிப் பார்த்தார். "டேப் சுத்தம்" என்றார். பிறகு என் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ரெண்டரை, ஒண்ணேகால். இது என்னன்னு தெரியுதா?"

"தெரியல மேடம்."

"ஒரு அங்குலம், அரை அங்குலம். இவ்வளவு அழகா யாரும் தப்புப் பண்ண மாட்டாங்க. யாரு அளந்தது?"

"தெரிஞ்சவர்."

"அளக்கத் தெரிஞ்சவரா, உனக்குத் தெரிஞ்சவரா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பஸ் ஏறிய பிறகுதான் வந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. டெய்லர் தெரிந்தேதான் கூட்டிச் சொல்லியிருக்கிறார். எதற்கு? வேலை இழுத்தால் அவர் அடிக்கடி வந்து போகலாம். பதினைந்தாம் தேதி வரும்போது, அவர் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு ஆணியும் இறங்காது என்று ஆகியிருக்கும். இல்லையென்றால் நான் சரிபார்க்கிற ஆளா, சொன்னதை நம்புகிற ஆளா என்று ஆழம் பார்க்கிறார். என்னை ஒன்றும் தெரியாதவளாக்க நினைக்கிறார் என்றும் எழுதி, அது அதிகம் என்று அடித்துவிட்டேன். அடித்த கோடு மெல்லியதாகத்தான் இருக்கிறது.

நாளைய வேலை: சரியான அளவுக்கு எல்லாத் துண்டுகளையும் அறுக்க வேண்டும். ஓர் அளவை மட்டும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 7, சனி

நீளப் பட்டையை ஒருவர் தாங்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் ஆணி அடிக்க முடியும். டெய்லர் காலையிலேயே வந்துவிட்டார். சட்டைக் காலரில் எப்போதும் இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும். அவற்றை எடுத்து எங்கள் வீட்டுக் காலண்டரில் குத்திவிட்டு, "சொல்லும்மா, எங்க நிக்கணும்?" என்றார். போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டார். அவருடைய ஊசி ஒன்றுகூட இதுவரை இந்த வீட்டில் தங்கியதில்லை.

நான் ரசமட்டத்தை வைத்துக் கோடு பார்த்தேன். அவர் தோளில் பட்டையைத் தாங்கினார். ஆணி அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

"ஏன் கண்ணை மூடறீங்க?"

"என் வேலையில சத்தம் கிடையாதே. கத்திரிகூட ரகசியமாத்தான் பேசும்."

அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பதற்கு எனக்கு என்ன கோபம் என்று தெரியவில்லை. பிறகு நான் வைத்திருந்த பொறியை எடுத்தேன். இரண்டாவது அறைக் கதவுக்கும் மூலைக்கும் நடுவில் உள்ள தூரம் எண்பத்தெட்டு. முந்தின நாள் மூன்று முறை அளந்திருக்கிறேன். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்று, "இது ஒண்ணு விட்டுப்போச்சு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "எழுதிக்கோ. தொண்ணூறரை."

எழுதிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவரின் முகமாக இல்லை. ஆனால் பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

இன்னொன்றும் நடந்தது. குளியலறைப் புடைப்பில் பட்டையை வைத்து அடித்த பிறகு, அவர் அதன் விளிம்பை உள்ளங்கையால் தடவினார். துணியின் தரம் பார்ப்பதுபோல் இருந்தது.

"இது எவ்வளவு வெளிய நிக்கும்?"

"ரெண்டு."

"எதிர்ச்சுவர்லயும் இதே மாதிரியா?"

"ஆமா. அங்கயும் ரெண்டு."

அவர் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கடைசியில், "அழகா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

இன்றைய தவறு: பசையைக் குறைவாக வாங்கிவிட்டேன். புடைப்பிலும் அதற்கு எதிர்ச்சுவரிலும் உள்ள துண்டுகளுக்கு வெறும் ஆணி மட்டும் அடித்திருக்கிறேன்.

நாளைய வேலை: கீழ்ச்சட்டங்களின் மூலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

வகுப்பு முடிந்து வந்து நடைவழி விளக்கைப் போட்டதும் கண்ணில் பட்டது. புடைப்புச் சுவரில், என் பட்டைக்கு மேலே, நீல நிறத்தில் ஒரு கோடு, விரல் நீளத்துக்கு. எதிர்ச்சுவரில் அதே உயரத்தில் இன்னொன்று. என் பென்சில் நீலமில்லை. தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டியது. டெய்லர்கள் துணியில் கோடு போடுகிற தட்டையான சாக்கட்டிதான்.

தரையிலிருந்து அளந்தேன். நூற்றிருபது. என் வரைபடத்தில் எங்கேயுமே நூற்றிருபது கிடையாது.

"இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் வரல" என்றாள் அம்மா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

கை கழுவுகிற சாக்கில் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். பழைய தையல் பெட்டி, உடைந்த மின்விசிறி, என் பள்ளிக்கூடப் புத்தக மூட்டைகள் என்று கால் வைக்க இடமில்லாமல் இருந்த அறை. இப்போது நடுவில் ஓர் ஆள் படுத்துப் புரளலாம். மூட்டைகளெல்லாம் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

"என்னம்மா இது?"

"ஒட்டடை அடிச்சேன்."

மேலே பார்த்தேன். ஒட்டடை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

இப்போது எழுதும்போதுதான் கோபம் ஒழுங்காக வருகிறது. பதில் என்னுடையது என்றார்கள். ஆனால் அறை காலியாகிறது, நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்த ஆள் வந்து சுவரில் அடையாளம் வைத்துவிட்டுப் போகிறார். முடிவு எடுத்தாகிவிட்டது, என்னைக் கேட்டது வெறும் ஒப்புக்கு. அல்லது நான்தான் எதையோ தப்பாகப் படிக்கிறேன். இருபத்தாறு அளவையும் திரும்பப் பார்த்தவள் இதையும் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும்.

நாளை ஒன்றும் செய்ய முடியாது, இரட்டை ஷிப்ட். வியாழக்கிழமை வேலை: வகுப்புக்கு முன்னால் டெய்லர் கடைக்குப் போக வேண்டும். போவதற்கு ஒரு காரணம் தேட வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

இன்றைய தவறு: வகுப்புக்குப் போகவில்லை. சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் முறை.

தச்சு வேலைக்கு ஒரு மேலங்கி தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். கடையில் டெய்லரும், பட்டன் கட்டிக் காஜா எடுக்கும் ஓர் அக்காவும் மட்டும் இருந்தார்கள். அந்த அக்கா அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். என்னைப் பார்த்ததும் டெய்லர் எழுந்து, நாற்காலியின்மேல் கிடந்த துணிகளை எடுக்கப் பார்த்து, எடுக்காமல், கடைசியில் டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். காஜா அக்கா பெரிய நோட்டை விரித்துக்கொண்டு எதிரே நின்றார். நான் கையை விரித்து நின்றேன். கண் மட்டும் டேப்பில் இருந்தது.

இடுப்பில் டேப் சுற்றியது. இருபத்தெட்டு அங்குலம். நன்றாகத் தெரிந்தது.

"முப்பது" என்றார் டெய்லர். அக்கா எழுதினார்.

தோள் பதினான்கு. "பதினாலரை" என்றார். அக்கா எழுதினார்.

உயரத்துக்கு டேப் நாற்பது காட்டியது. "நாப்பது" என்றார்.

"இருங்க" என்றேன். "இடுப்புல இருபத்தெட்டுதானே இருந்துச்சு?"

"அது உடம்பு அளவு" என்றார் காஜா அக்கா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "மாஸ்டர் சொல்றது மூச்சு விட இடம் சேர்த்த துணி அளவு. உடம்பு அளவைக் கடையில சத்தமா சொன்னா, வந்தவங்க திரும்பி வருவாங்களா? எனக்கு முப்பத்தெட்டு. இதுவரைக்கும் இந்தக் கடையில யாருக்கும் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே" என்றார் டெய்லர்.

"உங்களுக்குத் தெரியாதா என்ன?"

எனக்குக் காது சுட்டது. "எங்க வீட்டுச் சுவருக்கும் கூட்டித்தான் சொன்னீங்களா?"

அவர் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "மூலையில மடங்குதேன்னு ஒரு அங்குலம் விட்டிருப்பேன். கதவுகிட்ட அரை. உயரத்துக்கு விட மாட்டேன், அது பழக்கமில்ல." பிறகு, "நோட்டோட ஒருத்தர் எதிர்ல நின்னா என் வாய் தானாக் கூட்டிச் சொல்லிடும்மா. நீ நோட்டோட நின்ன. வெட்டிட்டியா?" என்றார்.

"ஒரு துண்டு."

"வீணாப்போச்சா?"

"சின்ன சட்டத்துக்கு ஆயிடுச்சு."

பத்து நாளாக நான் சுமந்த ஒரு அங்குலம் அப்படி இறங்கிவிட்டது. ஆனால் நீலக் கோடு இறங்கவில்லை. கடை நடுவில் துணி வெட்டும் மேசை நின்றது. உயரமான மேசை, நின்றுகொண்டே வெட்டுவதற்கானது. அதன் விளிம்பில் அதே நீலச் சாக்கட்டி கிடந்தது. நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். கால்கள் நான்கும் சட்டத்துக்குள் துளைத்து இறக்கி, ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருந்தன.

"மாஸ்டர்" என்றேன். அவரை நான் ஏதோ ஒன்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது என்ன முறை என்று எனக்கே தெரியவில்லை, காஜா அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. "இதுக்குக் காலைக் கழட்ட முடியாதா?"

"முடியாதும்மா. மேல்பலகையும் ஒரே பலகை. முப்பது வருஷமா ஒரே மேசை."

என் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். நோட்டை எடுக்கவில்லை. "உயரம் எவ்வளவு, பாத்துச் சொல்லுங்க."

"தொண்ணூத்தி மூணு." டேப்பிலும் தொண்ணூற்று மூன்றுதான்.

"இதுக்கு எதுவும் விடலயா?"

"மேசைக்கு எதுக்கு விடறது? அது மூச்சா விடுது?"

பலகையின் அகலத்தை நானே அளந்தேன். நூற்றிருபது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மேசையை ஒருக்களித்துத்தான் எங்கள் நடைவழியாகப் பின்னறைக்குக் கொண்டுபோக முடியும். அப்போது பலகை நூற்றிருபது உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், கால்கள் குறுக்கே தொண்ணூற்று மூன்றுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். புடைப்பில் தொண்ணூற்றாறு இருந்தது. நான் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக அடைத்துவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்கு வந்தீங்களா?"

காஜா அக்கா பட்டன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். டெய்லர் சாக்கட்டியை நகத்தால் சுரண்டினார்.

"வந்தேன். அம்மாவை நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

"ஏன்?"

"நீ பதில் சொல்றதுக்கு முன்னாடியே நான் மேசையை அளந்து பாத்தேன்னு தெரிஞ்சா, நீ சரின்னு சொல்லிட்டதா நானே நெனச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும். அது தப்பில்லையா?"

"திருட்டுத்தனமா வந்து அளந்தது தப்பில்லையா?"

"அதுவும் தப்புத்தான்."

"சனிக்கிழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கையால தடவிப் பாத்தீங்க. அப்பவே சொல்லியிருந்தா நான் அந்த எடத்துல அடிச்சிருக்க மாட்டேன்."

"சொன்னா, எனக்காக நீ நிறுத்தணும். நிறுத்தலன்னா அதுவே பதிலாயிடும். ஒரு மேசையைக் காட்டி உன்கிட்டப் பதில் வாங்கவா?" அவர் சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தம்பி கடையில ஷட்டர் பெரிசு. மேசை லாரியிலிருந்து எறங்கி அப்படியே உள்ள போயிடும். அதைப் பத்தி நீ யோசிக்காத."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாவற்றையும் மறுபடி கூட்டிப் பார்த்தேன். கணக்கு அளவுக்கு மீறிச் சரியாக வருகிறது. அதுவும் ஒரு சந்தேகம்தான். இவ்வளவு நல்லவராக இருக்க ஒருவருக்கு ஏதாவது அவசியம் இருக்குமோ? ஆனால் மேசையின் கால்களை நான் பார்த்தேன். அவற்றை நேற்று எனக்காக ஆப்பு வைத்து இறுக்கியிருக்க முடியாது.

மூன்றாம் தேதியின் காரணத்தை இப்போது நிரப்புகிறேன்: அளவு கேட்டவள் நோட்டோடு எதிரே நின்றாள்.

நாளைய வேலை: மேடத்துக்கு வராததற்குக் காரணம் சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று சொல்லக் கூடாது.

மார்ச் 14, சனி

அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பழக்கம், கைக்குட்டையைக்கூட நான்கு மூலையும் சேர்த்துத்தான் மடிப்பாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை யாரும் வரலன்னு சொன்னியே."

"பொய்தான் சொன்னேன். போய் உன் நோட்டுல எழுதிக்கோ. ஆனா என் தப்புன்னு எழுது. அவர் தப்புன்னு எழுதாத."

"அவர்தான் சொல்ல வேண்டாம்னாராம்."

"அவர் சொன்னா? வாய் என்னுதுதானே."

"பின்னறையையும் காலி பண்ணிட்ட. என்னை எதுக்குக் கேட்ட?"

அம்மா ஒரு விரிப்பின் முனையை என் பக்கம் நீட்டினாள். மறுமுனையைப் பிடிக்காமல் இருக்க முடியவில்லை. இருவருமாக மடித்தோம்.

"ஆசைப்படறதும் முடிவு பண்றதும் ஒண்ணாடி?" என்றாள். "ஆசை இருந்துச்சு, கை சும்மா இருக்கல. மூட்டையைத் தள்ளி வெச்சேன். நீ வேண்டாம்னு சொன்னா திரும்ப இழுத்துப் போட்டுட்டுப் போறேன். எத்தனை நேரம் ஆகப்போகுது?"

சத்தம் போடாமல்தான் சொன்னாள். விரிப்பு மடித்து முடிந்த பிறகும் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. கூட்டிச் சொன்ன அளவு, சுவரில் கோடு, யாரும் வரவில்லை என்ற பொய். முதலாவது போய்விட்டது. இரண்டாவது பாதி போய்விட்டது. மூன்றாவது அம்மாவுடையது, அம்மா ஏற்கெனவே இந்த வீட்டில்தான் இருக்கிறாள். இவை தவிர, எனக்குப் பழகாது என்ற ஒன்று உண்டு. அதை அளக்க என்னிடம் டேப் இல்லை.

நடைவழிக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். புடைப்பில் உள்ள பட்டையில் கொக்கியை வைத்து, டேப்பை எதிர்ச்சுவருக்கு இழுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"எவ்வளவு?"

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். "தொண்ணூத்திரண்டு."

"பத்தாது. தொண்ணூத்தி மூணு வேணும்."

"எதுக்கு?"

"மேசைக்கு."

அம்மா டேப்பை விட்டுவிட்டாள். அது சர்ரென்று ஓடி வந்து என் விரலில் அடித்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பட்டையைத் தொட்டபடி, "செவ்வாய்க்கிழமை உங்க மேடம் வராங்களே. நடுவுல மொட்டையா இருக்குமேடி" என்றாள்.

"இருக்கும்."

"மார்க் போயிடாதா?"

"கொஞ்சம் போகும். காரணம் கேட்டா எழுதிக் காட்டறேன்."

அவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினாள். நான் கதவில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் கேட்டது, "தொண்ணூத்திரண்டாம்."

இன்றைய தவறு: ஒட்டுக்கேட்டது.

ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினால் தொண்ணூற்று நான்கு கிடைக்கும். மேசை உரசாமல் போய்விடும். ஆனாலும் ஓர் அங்குலமாவது விட வேண்டும்.

நாளைய வேலை: புடைப்பிலும் எதிர்ச்சுவரிலும் உள்ள பட்டை, சட்டம், தரையோரப் பலகை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் எண் எழுத வேண்டும். ஆணித் துளைகளுக்குப் பட்டி பூச வேண்டாம். மேசை உள்ளே போன பிறகு அதே துளைகளில் திரும்ப அடிக்க வேண்டும்.